ஒல்லி, கட்டை, பருமன்: உடல்வாகும் உடல்நலமும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் இருப்பது ஒன்று. ஊரார் வைத்தது மற்றொன்று. பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கும்போது மாத்திரமே முதலாவது பெயர் பயன்படும். மற்ற வேளைகளில் 'நெட்டையன்', 'கட்டையன்', 'தடியன்', 'பூசணி' என்று உடம்பே பெயராகிவிடும். எனக்கு வாய்த்தது 'ஈர்க்கு'. எங்கள் வகுப்பில் பூசணியும் ஈர்க்கும் ஒரே வாங்கில் அருகருகே இருந்தோம் என்பது ஆசிரியர்களுக்குக்கூட வேடிக்கையாக இருந்தது.

ஒரு மனிதனை முதலில் உடம்பாகப் பார்ப்பதும் அதன் பின்னரே ஆளாகப் பார்ப்பதும் நமது சமூகத்தில் ஊறிப்போன பழக்கம். கல்யாணப் பேச்சின்போது இது உச்சத்தைத் தொடும். பெண் சற்றுப் பூசினாற்போல் இருந்தால், "பொம்பிளை இப்பவே உடம்பு வைச்சிட்டா" என்பார்கள். மெலிந்திருந்தாலோ, "நோஞ்சானாய் இருக்கிறா, பிள்ளைப்பேறு தாங்குவாவோ?" என்பார்கள். இரண்டு தீர்ப்புக்களையும் ஒரே தரகர் ஒரே நாளில் வழங்கியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இரு பெண்களின் குருதியையோ இதயத்தையோ அவர் பரிசோதித்தவரல்லர். கண்ணால் பார்த்தார், தீர்ப்பளித்தார், அவ்வளவுதான்.

இந்தப் பழைய விவகாரத்தைப் பற்றி எழுதத் தூண்டியவன் என் தங்கையின் மகன். வயது 22. வெள்ளவத்தையிலுள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து நான்கு மாதங்களாக எடை தூக்கி வருகிறான். கடந்த மாதம் ஒரு நாள் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நான் எக்டோமோர்ப் வகையாம். எவ்வளவு தூக்கினாலும் என்ர உடம்பில சதை பிடிக்காதாம். பயிற்றுநர் சொல்லிட்டார். விலை கூடின புரத மா வாங்கிக் குடிச்சால்தான் ஏதும் நடக்குமாம்."

"அப்ப நீ விடப் போறியோ?"

"பிறவியிலேயே எழுதி வைச்சதை என்ன செய்யிறது, மாமா?"

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவனுக்கு ஒரு செய்தி காதில் விழுந்தால் மூன்று கேள்விகள் தாமாகவே எழும். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதற்காகச் சொன்னது? 'பிறவியிலேயே எழுதி வைத்தது' என்று ஓர் இளைஞனைச் சோர்வடையச் செய்யும் ஒரு சொல்லுக்கு இந்த மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்ப்பது என் கடமை என்று பட்டது. தேடிப் போனால் கதை எதிர்பார்த்ததை விட நீளமானது. சில இடங்களில் இருண்டதும்கூட.

மனிதர்களை உடம்பைக் கொண்டு வகைப்படுத்தும் ஆசை மிகவும் பழையது. பண்டைய கிரேக்க மருத்துவ மரபு, நெடிய மெலிந்த தேகத்தினர் காச நோய்க்கும், குறுகிப் பருத்த தேகத்தினர் பக்கவாதத்துக்கும் ஆளாகக்கூடியவர்கள் என்று இரண்டாகப் பிரித்தது. நமது சித்த மருத்துவமோ வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று மூன்றாகக் கண்டது. வாத தேகி மெலிந்தவர், கப தேகி திரண்ட உடம்பினர், பித்த தேகி இடைப்பட்டவர் என்று கிராமத்துப் பரியாரியார் நாடியைப் பிடிக்கும்போதே ஆளையும் ஏற இறங்கப் பார்ப்பார். எங்கள் ஊர்ப் பரியாரியார் என்னை வாத தேகி என்று முடிவு செய்து, நல்லெண்ணெய் முழுக்கை விடக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

நவீன காலத்தில் இந்த ஆசைக்கு விஞ்ஞானச் சட்டை அணிவித்தவர்களில் முதன்மையானவர் ஜேர்மனிய மனநோய் மருத்துவர் ஏர்ன்ஸ்ட் கிரெட்ச்மர். 1921 இல் வெளியான தமது நூலில் மெலிந்தவர், தசைக்கட்டுடையவர், உருண்டு திரண்டவர் என மூவகை வகுத்து, அவற்றோடு மனநோய்களையும் முடிச்சுப் போட்டார். மெலிந்தவருக்கு உளச்சிதைவு நோயும், உருண்டவருக்கு எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயும் வர வாய்ப்பு அதிகம் என்பது அவரது கருத்து.

ஆனால், என் மருமகனின் காதுவரை வந்து சேர்ந்த சொற்களை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன். 1898 இல் பிறந்து 1977 இல் மறைந்தவர். சுமார் 4,000 கல்லூரி மாணவர்களை முன்புறம், பக்கம், பின்புறம் என மூன்று கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, அவற்றை ஒப்பிட்டு 1940 இல் ஒரு நூலை வெளியிட்டார். தாயின் வயிற்றில் முளையம் வளரும்போது மூன்று படைகள் தோன்றுகின்றன. அகப்படையிலிருந்து உணவுக்கால்வாயின் உட்புறமும் அதனோடு தொடர்புடைய உறுப்புகளும், இடைப்படையிலிருந்து தசையும் என்பும், புறப்படையிலிருந்து தோலும் நரம்புத் தொகுதியும் உருவாகின்றன. இந்த மூன்று படைகளின் பெயர்களைக் கடன் வாங்கி, உருண்ட மென்மையான உடலுக்கு எண்டோமோர்ப், தசைத் திரட்சியுள்ள உடலுக்கு மெசோமோர்ப், நெடிய மெலிந்த உடலுக்கு எக்டோமோர்ப் என்று அவர் பெயர் சூட்டினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் மூன்று பெட்டிகளுக்குள் அடங்குவார்கள் என்று ஷெல்டன்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிட்டு, ஒருவரை மூன்று இலக்கங்களால் குறித்தார். 7-1-1 என்பது உருண்டையின் எல்லை. 1-1-7 என்பது மெலிவின் எல்லை. பெரும்பாலான மனிதர்கள் 3-4-4, 4-3-3 என்று நடுவிலே நிற்பவர்கள்தாம். வானொலியில் ஒலி அளவைத் திருப்பும் குமிழ்கள் மூன்று இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். எல்லோரிடமும் மூன்று குமிழ்களும் உண்டு. திருப்பி வைத்திருக்கும் அளவு மாத்திரம் வேறு. இந்த மூன்று குமிழ்களைத்தான் உடற்பயிற்சி வியாபாரம் மூன்று பெட்டிகளாக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மாவை விற்றுக்கொண்டிருக்கிறது.

ஷெல்டனின் பாதை இத்துடன் நின்றிருந்தால் பெரிய பாதகமில்லை. 1942 இல் அவர் உடம்பிலிருந்து குணத்துக்குத் தாவினார். உருண்டவர் உண்டு களிப்பவர், தசைக்கட்டர் துணிச்சல்காரர், மெலிந்தவர் ஒதுங்கி வாழும் சிந்தனையாளர் என்றார். 1949 இல் குற்றமிழைக்கும் இளைஞர்களின் உடல்வாகு பற்றியும் நூலெழுதினார். மனித இனத்தைத் தெரிந்தெடுத்து 'மேம்படுத்த' வேண்டும் என்ற அந்தக் காலத்து ஆபத்தான எண்ணத்தின் நிழல் அவருடைய எழுத்தில் படிந்திருந்தது. அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவ மாணவியரை, நிற்கும் நிலையைச் சோதிப்பதாகச் சொல்லி, ஆடையின்றி ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது. அவற்றில் பல ஷெல்டனின் ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தன. 1995 இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் ரொன் ரோசன்போம் என்ற பத்திரிகையாளர் இதனை விரிவாக எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்தப் படங்கள் கிடந்தமை அதன் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. அவை பொதுப் பார்வைக்கு மூடப்பட்டன. எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வெளிக்கொணர்ந்த செய்தி என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை. மாணவர்களிடம் உண்மையைச் சொல்லி அனுமதி கேட்டிருந்தால், அத்தனை பேரும் அந்த ஒளிப்படக் கருவியின் முன் நின்றிருப்பார்களா?

உடம்பிலிருந்து குணத்தைக் கணிக்கும் பகுதியை விஞ்ஞான உலகம் கைவிட்டுவிட்டது. எஞ்சிய பகுதியை மீட்டெடுத்தவர் பார்பரா ஹீத் என்ற பெண்மணி. ஷெல்டனோடு பணியாற்றியவர், கருத்து வேறுபட்டு விலகியவர். உணவு கூடினாலும் குறைந்தாலும் ஒருவரின் வகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்பது ஷெல்டனின் பிடிவாதம். மாறும் என்பது ஹீத்தின் முடிவு. அவரும் லின்ட்சே கார்ட்டரும் சேர்ந்து 1967 இல் வெளியிட்ட முறை, கண்ணால் பார்த்து மதிப்பிடுவதைக் குறைத்து அளவுகோலைக் கையில் எடுத்தது. உயரம், நிறை, நான்கு இடங்களில் தோல்மடிப்பின் தடிப்பு, முழங்கையிலும் முழங்காலிலும் என்பின் அகலம், மேற்கையினதும் கெண்டைக்காலினதும் சுற்றளவு என்று பத்து அளவுகள். இவற்றிலிருந்து கிடைக்கும் மூன்று இலக்கங்கள் அன்றைய தினத்தில் அந்த உடம்பு இருக்கும் நிலையைச் சொல்பவை. அதாவது, அது ஓர் ஒளிப்படம். சாதகக் குறிப்பு அன்று.

உடம்பு மாறும் என்பதற்கு எனக்கு ஆய்வுக்கூடச் சான்று தேவைப்படவில்லை. என் சித்தப்பா ஒருவர் வன்னியில் கடை வைத்திருந்தவர். தராசுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தால் கடைக்குள் வேறொருவர் நுழைய இடமிராது. 2009 இல் இறுதி யுத்தத்தின் ஊடாக நடந்து, முகாமில் மாதக்கணக்கில் இருந்து, பின்னர் கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது என் மனைவி அவரை அடையாளம் காணவில்லை. "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டாள். அவர் சிரிக்க முயன்றார். என்னுடைய சட்டை அவருக்குத் தொளதொளத்தது. ஈர்க்கின் சட்டை! அன்று அவரை எந்த நிபுணர் அளந்திருந்தாலும் எக்டோமோர்ப் என்றுதான் எழுதியிருப்பார். மூன்று வருடங்களின் பின்னர் மீண்டும் பழைய உருவத்துக்கு வந்தார். கூடவே நீரிழிவும் வந்தது. இந்த இரண்டு உருவங்களில் எது அவருடைய 'வகை'? பசியும் நடையும் அச்சமும் ஒன்றைச் செய்தன. கடைக் கதிரையும் சோறும் மற்றதைச் செய்தன. இடையில் அவருடைய பரம்பரையலகுகள் மாறவில்லை.

அப்படியானால் பிறவிக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதை மறைப்பதும் நேர்மையாகாது. கனடாவில் குளோட் பூஷார் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1990 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே கருவிலிருந்து பிறந்த இளம் ஆண் இரட்டையர் 12 சோடியினர் அதில் பங்குபற்றினர். தேவைக்கு மேலாக நாளொன்றுக்கு 1,000 கலோரி வீதம் 100 நாட்களுக்குள் 84 நாட்கள் அவர்களுக்கு உணவூட்டப்பட்டது. சராசரியாக 8.1 கிலோ கூடியது. ஆனால், ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே அளவு மிகையுணவு. மூன்று மடங்கு வித்தியாசம். ஒரு சோடிக்குள் இருவரும் ஏறத்தாழ ஒத்த அளவிலே கூடினர் என்பதுதான் முக்கியம். எந்த உடம்பு எவ்வளவு சேமிக்கும், எந்த இடத்தில் சேமிக்கும் என்பதில் பரம்பரைக்குக் கை உண்டு.

பயிற்சிக்கும் இதே கதைதான். அதே பூஷார் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த குடும்ப ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 481 பேர் 20 வாரங்கள் ஒரே ஒழுங்கில் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். சுவாசத்தின் மூலம் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு சிலருக்கு வெகுவாக உயர்ந்தது. சிலருக்கு அசையவே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குடும்ப வழி காரணம் என்று 1999 இல் வெளியான முடிவு கூறியது. ஆகவே, "அவன் மூன்று மாதத்தில் ஓடுகிறான், உனக்கு என்ன கேடு?" என்று ஒருவரை இகழ்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி எவ்வளவு பலன் தரும் என்பதை ஆளின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மெலிந்தவருக்குச் சதை பிடிக்காது என்பது பொதுவிதியன்று. அவருக்குத் தொடக்கம் சிறியதாக இருக்கலாம். முன்னேற்றம் மெதுவாக இருக்கலாம். நான்கு மாதம் என்பது தீர்ப்பு நாளுமன்று.

உச்ச மட்டத்து விளையாட்டில் உடல்வாகு பெரிதும் பேசும் என்பது உண்மை. குறுகிய கைகால்களை உடையவருக்குப் பாரத்தை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. எனவே பாரந்தூக்குவது இலகு. சிறிய மெலிந்த உடம்புக்கு நிறையோடு ஒப்பிடுகையில் தோற்பரப்பு அதிகம்; வெப்பம் விரைவில் வெளியேறுவதால் மரதன் ஓட்டத்துக்கு உகந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் ஆறு தங்கம் வென்ற மைக்கேல் பெல்ப்ஸ், 1500 மீற்றரிலும் 5000 மீற்றரிலும் தங்கம் வென்ற மொரோக்கோவின் ஹிஷாம் எல் குரூஜ் ஆகிய இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னவரின் உயரம் 193 சென்ரிமீற்றர், பின்னவர் 176. ஆயினும் இருவருக்கும் காற்சட்டையின் கால் நீளம் ஏறத்தாழ ஒன்றே என்று டேவிட் எப்ஸ்டைன் 2013 இல் வெளியான தமது நூலில் சுட்டிக்காட்டினார். நீந்துபவருக்கு நெடிய உடலும் குறுகிய கால்களும். ஓடுபவருக்கு நெடிய கால்களும் குறுகிய உடலும். இருவரும் இடம் மாறியிருந்தால் உலகம் இருவரையும் அறிந்திராது.

நம்மவர்களிடமும் சான்றுகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைத் தேடித் தந்தவர். 2024 இல் அவர் மறையும்வரை எங்கள் தலைமுறைக்கு உயரம் பாய்தல் என்றால் அவர் பெயர்தான். அதே மண்ணின் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரமானவர். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு உயர்ந்தால் நமது ஊர் எப்படிப் பேசும் என்பது நமக்குத் தெரியும். வலைப்பந்தாட்ட வளையத்தின் கீழே அதே உயரம் ஒரு நாட்டின் பலமாயிற்று. அவர் ஆடிய இலங்கை அணி 2009 இலும் 2018 இலும் ஆசியச் சம்பியனாகியது. முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. அந்தக் கையினால்தான் 2010 இல் காலி மைதானத்தில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார்.

பாடப்புத்தகத்துக்குள் அடங்காதவர் அர்ஜுன ரணதுங்க. அவருடைய தொப்பையைக் கேலி செய்யாத வெளிநாட்டு வர்ணனையாளர்கள் குறைவு. 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தை ஏந்தியபோது அவர் ஆட்டமிழக்காமல் 47 ஓட்டங்களோடு களத்தில் நின்றார். அன்றிரவு எங்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் முதற்பக்கத்தை மூன்று தடவை மாற்றினோம். தொப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனினும் நானும் நீங்களும் ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை. நமக்கு வேண்டியது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத நெஞ்சு. எழுபதிலும் தாமாகவே எழுந்து நடக்கும் கால்கள். இந்தச் சாதாரணத் தேவைக்கு வெளித்தோற்றம் எவ்வளவு பொய்ச்சாட்சி சொல்லும் என்பதற்கு எங்கள் காரியாலயமே சான்று.

இரவு ஆசிரிய பீடத்தில் இரண்டு நண்பர்கள் பணியாற்றினார்கள். ஒருவர் பருமனானவர். மற்றவர் என்னைவிட மெலிந்தவர். பருமனானவர் பஸ் செலவை மிச்சம் பிடிப்பதற்காக நாளும் நான்கு மைல் நடப்பவர். மெலிந்தவர் கதிரையை விட்டு எழுந்தால் அது வெறுந்தேநீருக்கும் சிகரெட்டுக்கும்தான். இரவு ஒரு மணிக்குக் கொத்துரொட்டி. சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாத 'அதிஷ்டசாலி' என்று எல்லோரும் அவரைச் சொன்னோம். 48 ஆவது வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. செத்த வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட வாசகம் ஒன்றுதான்: "மெலிஞ்ச மனுசன், ஒரு வருத்தமும் இல்லையே!" வருத்தம் இருந்தது. அளந்து பார்ப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. அந்த உடம்பே அவருக்கு நற்சான்றிதழாக இருந்துவிட்டது. பருமனானவர் இன்று எழுபதைக் கடந்து நடக்கிறார். முழங்கால் நோகிறது, நிறையைக் குறைக்கும்படி வைத்தியர் வற்புறுத்துகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பருமன் தீங்கற்றது என்பது என் வாதமன்று.

மெலிந்தவருக்குள் ஒளிந்திருக்கும் இந்த ஆபத்து நம்மைப் போன்ற தெற்காசியரிடம் கூடுதலாக உண்டு. 2004 இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர்கள் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும். தங்கள் இருவரின் ஒளிப்படத்தையும் அருகருகே அச்சிட்டார்கள். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3. உடலிலுள்ள கொழுப்பின் பங்கோ ஆங்கிலேயருக்கு 9.1 வீதம், இந்தியருக்கு 21.2 வீதம்! ஒரே சுட்டெண், இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. இதன் வேர் பிறப்பிலேயே தெரிகிறது. புனேயைச் சூழ்ந்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. நமது குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உறுப்புக்களின் அளவும். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

தசை குறைந்தால் என்ன கெடுதி? சோறு சாப்பிட்ட பின்னர் குருதியில் சேரும் வெல்லத்தை வாங்கி வைக்கும் மிகப் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறியதாயின் நெல் முற்றத்தில் கிடக்கும். தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு, ஈரலிலும் குடலைச் சுற்றியும் போய் உட்காரும். கையும் காலும் ஈர்க்காக இருக்க, வயிறு மட்டும் முன்னே வரும். நமது ஊர் நடுத்தர வயது ஆண்களில் இந்த உருவத்தைக் காணாத தெரு உண்டா?

என் கதையும் அதுவே. ஐம்பது வயதில் எடுத்த குருதிச் சோதனையில் வெல்லத்தின் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 61 கிலோ, சுட்டெண் 21.6. காகிதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. வைத்தியர் ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். 92 சென்ரிமீற்றர். "உங்கட நிறையை மறந்துவிடுங்கோ. இந்த நாடாவை மறவாதேயுங்கோ" என்றார். என் தகப்பனாரும் மெலிந்தவர். அவரும் நீரிழிவால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். எனக்கு அந்த நாடா அப்பாவின் கதையைத் தொடர விடாமல் நிறுத்திய தடையாக வந்தது.

ஆகவே இரண்டு எண்களை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசிய மக்களுக்கு ஆபத்து தொடங்கும் சுட்டெண்ணாக 23 ஐக் குறித்தது. பொதுவாகச் சொல்லப்படும் 25 அன்று. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005 இல் வகுத்தது. கடைசி விலா என்புக்கும் இடுப்பென்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட பின்னர் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாடாவன்று!

செய்ய வேண்டியதோ எல்லா உடல்வாகுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி. வித்தியாசம் எங்கே அழுத்தம் கொடுப்பது என்பதில்தான். மெலிந்தவர் நடந்தால் போதும் என்றிருக்கக்கூடாது. பாரந்தூக்கித் தசை வளர்க்க வேண்டியவர் அவரே. பருப்பும் மீனும் முட்டையும் கடலையும் அவர் கோப்பையில் கூட வேண்டும். சோற்று மலை குறைய வேண்டும். பருமனானவர் முழங்காலைக் காத்து, நடை, நீச்சல், மிதிவண்டி என்று தொடங்கலாம். நிறை குறையாவிட்டாலும் நெஞ்சுக்கும் குருதியமுக்கத்துக்கும் அந்த உழைப்பு பலன் தரும். வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைவதால், ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வலுப்பயிற்சி இன்னும் அவசியம். நான் வாரத்தில் ஐந்து நாள் காலி முகத்திடலில் நடக்கிறேன். இரண்டு நாள் வீட்டில் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் தூக்கி இறக்குகிறேன். மனைவி சிரிக்கிறாள். இடுப்பு 86 க்கு வந்திருக்கிறது. நிறையில் ஒரு கிலோதான் வித்தியாசம்.

எங்கள் பாட்டன்மார் இதையெல்லாம் கணக்கெடுத்துச் செய்யவில்லை. தோட்டத்துக் கிணற்றில் துலா மிதித்தார்கள், மண்வெட்டி பிடித்தார்கள், சைக்கிளில் மூட்டை கட்டிச் சந்தைக்கு மிதித்தார்கள். அவர்களில் நெட்டையனும் கட்டையனும் இருந்தனர். துலாவுக்கு ஆளின் வகை தெரியாது. மிதிக்கத் தெரிந்தால் தண்ணீர் வரும். துலா போய் மின்மோட்டார் வந்தது. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. உழைப்பு போன இடத்தில் சோற்றின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

என் மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, அந்தச் சொல்லைக் கண்டுபிடிச்சவர் உன்னைப் பார்த்ததில்லை. உன்ர தாத்தாவுக்கும் மாமாவுக்கும் சீனி வருத்தம். சதை உனக்கு அழகுக்கு இல்லை, காப்புக்கு. மாவை விடு, பாரத்தை விடாதை." அவன் அரைகுறையாகத் தலையாட்டினான். இளைஞர்கள் முழுதாகத் தலையாட்டும் வயது நாற்பதுக்கு மேல்தான்.

உடல்வாகு என்பது தகப்பன் வழியாகவும் தாய் வழியாகவும் வந்த முதுசொம். நம் பங்குக்குக் கிடைத்தது செம்மண் தோட்டமாகவும் இருக்கலாம், மணற்றிடலாகவும் இருக்கலாம். மணலில் நெல் விளையாது என்பது உண்மை. பனையும் முந்திரிகையும் விளையும் என்பதும் உண்மை. வகையைச் சொல்லி ஒருவரைத் தூக்கி வைப்பதையும் தாழ்த்தி வைப்பதையும் விட்டுவிட்டு, இந்த வாரமே வீட்டிலுள்ள தையல் நாடாவை எடுத்து எல்லோருடைய இடுப்பையும் அளந்து பாருங்கள். முக்கியமாக, "உனக்கென்ன, நீ மெலிஞ்ச ஆள்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அவரை முதலில் அளந்து பாருங்கள்.